மார்கழிக் கோலத்தில் ஒரு கணக்குப் பாடம்

விடியற்காலை மணி ஐந்து. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து பனி சொட்டுச் சொட்டாக விழுகிறது. எங்கோ ஒரு கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கிறது.

வாசலில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. தாய் நிமிர்ந்து நின்று பார்க்கிறாள். பன்னிரண்டு வயது மகள் குனிந்து புள்ளி வைக்கிறாள். எட்டு வயது மகன் திண்ணையில் போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"அந்தப் பக்கம் கோணிக்கிட்டுப் போவுது பாருடி" என்கிறாள் தாய்.

"எங்கம்மா?"

"நடுப் புள்ளியிலேருந்து எண்ணிப் பாரு. இந்தாண்ட மூணு, அந்தாண்ட நாலு வெச்சிருக்கே."

மகள் எண்ணுகிறாள். அம்மா சொன்னது சரி. ஒரு புள்ளியை அழிக்கிறாள். கோலம் நேராகிவிடுகிறது.

மார்கழி பிறந்தால் கடலூரில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் இந்தக் காட்சியைக் காணலாம். அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம் அது. பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்த பெண் "கணக்கு எனக்கு வராது" என்று அழுவாள். "எனக்கும் வராதுதான், உனக்கு மட்டும் எங்கேருந்து வரும்?" என்று தாயும் சொல்லிவிடுவாள்.

ஆனால் மறுநாள் காலையில் இருவரும் வாசலுக்கு வந்து, தப்பில்லாமல் ஒரு கணக்கைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். தாங்கள் போட்டது கணக்கு என்று இருவருக்குமே தெரியாது!

சமச்சீர் என்றால் என்ன?

கோலத்தின் நடுவே ஒரு நூலைப் பிடியுங்கள். நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு பூ இருந்தால், அந்தப் பக்கமும் அதே தூரத்தில் அதே பூ இருக்கும். இந்தப் பக்கம் ஒரு வளைவு என்றால் அந்தப் பக்கமும் ஒரு வளைவு. கோலத்தை நூலின் மேல் மடிக்க முடியுமானால், ஒரு பாதி மறுபாதியின் மேல் அப்படியே பொருந்தும்.

இதற்குத்தான் கணக்கில் சமச்சீர் என்று பெயர். தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் சமச்சீர்த் தன்மை என்று ஒரு பாடமே வருகிறது.

சமச்சீரில் இரண்டு வகை முக்கியமானவை.

முதலாவது, கண்ணாடிச் சமச்சீர். நூல் இருந்த இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினால், கண்ணாடிக்குள் தெரியும் பாதியும் தரையில் உள்ள பாதியும் ஒன்றாகவே இருக்கும். வண்ணத்துப்பூச்சியின் சிறகு இப்படித்தான். நம் எழுத்துகளில் 'ப' இப்படித்தான். நடுவில் கோடு கிழித்தால் இரண்டு பக்கமும் ஒன்று. 'ட' அப்படி இல்லை.

இரண்டாவது, சுழற்சிச் சமச்சீர். பிள்ளைகள் பனை ஓலையில் செய்யும் காற்றாடியைப் பாருங்கள். நான்கு இதழ்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதைக் கண்ணாடியில் காட்டினால் இதழ்கள் எதிர்ப்பக்கம் சாயும், பொருந்தாது. ஆனால் கால் வட்டம் திருப்பினால் முன்பு இருந்தது போலவே இருக்கும்.

இரண்டும் சேர்ந்தவையும் உண்டு. ஆய்த எழுத்தான 'ஃ' அப்படிப்பட்டது. அதன் மூன்று புள்ளிகளையும் சம தூரத்தில் வைத்தால், அதை மடிக்கவும் செய்யலாம். மூன்றில் ஒரு பங்கு சுற்றித் திருப்பவும் செய்யலாம். பெரும்பாலான வாசல் கோலங்களும் இந்த வகைதான்.

பனிக்கட்டியும் பனித்துளியும்

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைத் தாளை மடித்துக் கத்தரியால் வெட்டுவார்கள். பிரித்துப் பார்த்தால் பூப் போல ஒரு வடிவம் வரும். வானத்திலிருந்து விழும் பனித்துகளின் உருவம் அது. சமச்சீர் பாடத்தை அங்கே பல பிள்ளைகள் இப்படித்தான் கற்கிறார்கள்.

பனித்துகளுக்குப் பெரும்பாலும் ஆறு கை. ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை. ஏன் ஆறு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சாதாரண ஆள் அல்ல. கிரகங்களின் பாதையைக் கண்டு சொன்ன ஜெர்மானிய மேதை யோகான்னஸ் கெப்ளர். 1611ஆம் ஆண்டில், பிராக் நகரத்தில் இருந்தபோது, புத்தாண்டுப் பரிசாக ஒரு சிறு புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகம் முழுவதும் இந்த ஒரே கேள்வியைப் பற்றித்தான்! உருண்டைகளை நெருக்கி அடுக்கினால் எப்படி அமையும் என்று அதில் யோசித்துப் பார்த்தார்.

பிறகு அமெரிக்காவில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885இல் மைக்ராஸ்கோப்பையும் காமிராவையும் சேர்த்துப் பனித்துகளைப் படம் எடுத்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஆறு பக்க வடிவில் கோத்துக்கொள்வதுதான் காரணம் என்பது இன்று தெரிந்துவிட்டது.

கடலூரில் அந்தப் பனி விழாது. நம் ஊர்ப் பனி புல் நுனியில் துளியாக நின்று, வெயில் ஏறினால் மறைந்துவிடும். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. கெப்ளர் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் அவர்கள் தினமும் போய் வருகிறார்கள்!

ஒரு ரூபாய் நாணயங்கள் ஏழு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நடுவில் வையுங்கள். அதைத் தொட்டபடி மற்றவற்றைச் சுற்றி வையுங்கள். சரியாக ஆறு நாணயம் இடைவெளி இல்லாமல் பொருந்தும். ஏழாவதற்கு இடமில்லை, ஐந்தோடு நிறுத்தினால் ஒரு சந்து விழும். நம் வீட்டுப் பெண்கள் ஊடு புள்ளி வைக்கும்போது அமைவதும் இதே அமைப்புத்தான்.

நேர்ப் புள்ளி, ஊடு புள்ளி

புள்ளிக் கோலத்தில் இரண்டு வழி உண்டு.

ஒரு புள்ளிக்கு நேர் கீழே இன்னொரு புள்ளி வைத்தால் நேர்ப் புள்ளி. இரண்டு புள்ளிகளின் சந்தில் அடுத்த வரிசைப் புள்ளியை வைத்தால் ஊடு புள்ளி. சிலர் இதை இடைப்புள்ளி என்றும் சந்துப் புள்ளி என்றும் சொல்வார்கள்.

"ஏழு புள்ளி, நேர்ப் புள்ளி, ஒன்று வரை" என்றால் வரிசைக்கு 1, 3, 5, 7, 5, 3, 1. கூட்டினால் 25. இதில் போடும் கோலத்தில் நான்கு பக்கமும் ஒன்று போல அமையும். அதைக் கால் வட்டம் திருப்பினாலும் மாறாது.

"ஏழு புள்ளி, ஊடு புள்ளி, நான்கு வரை" என்றால் 4, 5, 6, 7, 6, 5, 4. கூட்டினால் 37. இது ஆறு பக்கம் கொண்டது. பனித்துகளைப் போலவே ஆறில் ஒரு பங்கு திருப்பினால் அப்படியே பொருந்தும்.

அந்த 37 புள்ளியை வேறு விதமாகவும் எண்ணலாம். நடுவில் 1. அதைச் சுற்றி 6. அதற்கு வெளியே 12. அதற்கும் வெளியே 18. ஆறாம் வாய்ப்பாடு வாசலில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறது!

கோலம் முடிந்ததும் நடுவில் சாண உருண்டை வைத்துப் பூசணிப் பூவைச் செருகுகிறார்களே, அந்தப் பூவைப் பிள்ளைகளிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து மடல். இயற்கையில் ஐந்து பக்கச் சமச்சீர் உண்டு. ஆனால் நேர்ப் புள்ளியிலோ ஊடு புள்ளியிலோ அது சரியாக வராது. ஐந்திதழ்க் கோலம் வேண்டுமானால் நடுவிலிருந்து ஐந்து திசைக்குப் புள்ளியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இதுவும் கணிதத்தில் நிரூபிக்கப்பட்ட உண்மை. பாட்டிமார்களுக்கோ அது கைப்பழக்கம்.

எத்தனை கோடு?

சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே குறுக்காகப் போகும். ஓரத்துக்கு வந்தால் கடைசிப் புள்ளியைச் சுற்றித் திரும்பும். தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்.

நேர்ப் புள்ளியாக, வரிசைக்கு 3 வீதம் 4 வரிசை வையுங்கள். பக்கத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் இடையே கோடு வெட்டிக்கொள்ளும்படி இழுத்தால் ஒரே கோட்டில் கோலம் முடிந்துவிடும். கையை எடுக்கவே வேண்டாம்.

இப்போது 3 வீதம் 3 வரிசை வையுங்கள். ஒரே கோட்டில் முடியாது. மூன்று தனித்தனிக் கோடு வேண்டும். 4 வீதம் 6 வரிசை வைத்தால் இரண்டு கோடு வேண்டும்.

இதில் ரகசியம் என்ன? இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடு! 3க்கும் 4க்கும் அது 1. 3க்கும் 3க்கும் அது 3. 4க்கும் 6க்கும் அது 2. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்று சொல்லித் தருவது இதைத்தான். கரும்பலகையில் புரியாத பிள்ளைக்கு வாசல் தரையில் புரிந்துவிடும்.

பேராசிரியர்கள் கண்டது

கோலத்தில் கணக்கு இருக்கிறது என்பது பெருமைக்காகச் சொல்லும் பேச்சு அல்ல. படித்தவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்த விஷயம்.

சென்னையை அடுத்த தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் இருந்தார். 1988இல் காலமானார். அவரும், அவருடைய மனைவி பேராசிரியை ராணி சிரோமணியும், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியையாக இருந்த கமலா கிருத்திவாசனும் சேர்ந்து கோலத்தை ஆராய்ந்தார்கள். 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம். அந்த இலக்கணத்தைக் கொண்டு கம்ப்யூட்டரையே கோலம் போட வைக்கலாம் என்று காட்டினார்கள்.

நேரே போ, இடப்பக்கம் வளை, வலப்பக்கம் வளை, சுற்றித் திரும்பு என்பது போன்ற சில கட்டளைகளில் ஒரு பெரிய கோலமே அடங்கிவிடும். தாய் மகளுக்குச் சொல்லித் தருவதும் ஏறக்குறைய இதே பாஷையில்தான்!

அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷரும் 2002இல் தமிழ்நாட்டுக் கோலத்தைப் பற்றி விரிவாக எழுதினார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண்ணின் கைவேலை, கடல் தாண்டிப் பல்கலைக்கழகங்களில் பாடமாகியிருக்கிறது.

சிதம்பரத்தில் ஒரு கண்ணாடி

கடலூரிலிருந்து தெற்கே சுமார் 45 கிலோமீட்டர் போனால் சிதம்பரம். மார்கழித் திருவாதிரையில் அங்கே ஆருத்ரா தரிசனம். அதற்கு முதல் நாள் தேர். கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி என்று நான்கு வீதியும் தேர் சுற்றி வரும். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் பஸ் ஏறி வருவார்கள்.

அப்படி வரும் பிள்ளைகளுக்குச் சமச்சீரின் அடுத்த பாடம் அங்கே காத்திருக்கிறது.

கோவிலுக்கு நான்கு திசையில் நான்கு ராஜகோபுரம். ஒரு கோபுரத்துக்கு நேரே நின்று பார்த்தால் வலமும் இடமும் ஏறத்தாழ ஒன்று போலவே அடுக்கடுக்காக ஏறும். அது கண்ணாடிச் சமச்சீர்.

உள்ளே ஆடும் நடராஜரைப் பாருங்கள். சுற்றிலும் வட்டமான திருவாசி. ஆனால் உள்ளே இருக்கும் உருவத்தில் வலமும் இடமும் ஒன்றல்ல. வலக்கால் ஊன்றியிருக்கிறது, இடக்கால் தூக்கியிருக்கிறது. வலப்பக்கக் கையில் உடுக்கை. இடப்பக்கக் கையில் நெருப்பு. சமச்சீர் இல்லை. ஆனாலும் உருவம் சாய்வது போலத் தோன்றுவதில்லை. இதைச் சமநிலை என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது சமச்சீர். இரண்டு பக்கமும் வேறாக இருந்தும் சாயாமல் நிற்பது சமநிலை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வீட்டில் உள்ள நடராஜர் படத்தைக் கண்ணாடிக்கு முன் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியில் தூக்கியது வலக்கால் ஆகிவிடும். அப்படி ஒரு நடராஜர் நிஜமாகவே இருக்கிறார்! மதுரை மீனாட்சி அம்மன் கோவில் வெள்ளியம்பலத்தில், கால் மாறி ஆடியவர் என்று சொல்லப்படும் நடராஜர் வலக்காலைத்தான் தூக்கியிருக்கிறார்.

திண்ணையில் இருக்கும் பையன்

கோலம் பெண் பிள்ளைகளின் வேலை என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. தெருவே கோலம் போடும் நேரத்திலும் பையன் திண்ணையில் வேடிக்கை பார்க்கிறான்.

ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுப் பக்கம் சோக்வே என்று ஒரு மக்கள் கூட்டம். அவர்களும் மணலில் விரலால் புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றி ஒரே கோடாக இழுப்பார்கள். அதற்குச் சோனா என்று பெயர். பார்த்தால் நம் சிக்குக் கோலம் என்றே தோன்றும். ஆனால் அங்கே அதை வரைந்தவர்கள் ஆண்கள்! பையன்களுக்குக் கற்றுக் கொடுக்கும் கல்வியில் அதுவும் ஒன்று. கதை சொல்லிக்கொண்டே, கை நிற்காமல் கோடு இழுக்க வேண்டும். மொசாம்பிக் நாட்டில் வேலை பார்த்த பாவுலுஸ் கெர்டெஸ் என்ற கணிதப் பேராசிரியர் அந்தச் சோனாவை ஆராய்ந்து, அதைப் பள்ளிக்கூடப் பாடத்தில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதினார்.

புள்ளிக்கும் கோட்டுக்கும் ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. நம் வீட்டுப் பையனும் கோலப் பொடி எடுத்தால் அவனுக்கும் கணக்குப் படியும்.

ஐந்து காலை, ஐந்து பாடம்

இந்த மார்கழியில் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை.

முதல் நாள்: ஒரு கண்ணாடித் துண்டு போதும். ஓரம் கையைக் கிழிக்காமல் சட்டம் போட்டதாக இருக்கட்டும். 'ப', 'ட', 'ஃ', 0, 8 இவற்றைத் தாளில் பெரிதாக எழுதி, எது எது கண்ணாடியில் பொருந்துகிறது என்று பிள்ளை கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாம் நாள்: தாய் பாதிக் கோலம் போடட்டும். மறுபாதியைப் பிள்ளை முடிக்கட்டும். "தப்பு" என்று உடனே சொல்லாதீர்கள். எங்கே கோணுகிறது என்று அவர்களே பார்க்கட்டும்.

மூன்றாம் நாள்: நேர்ப் புள்ளி 25, ஊடு புள்ளி 37 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை விதமாக மடிக்கலாம், எத்தனை விதமாகத் திருப்பலாம் என்று எண்ணட்டும். ஒழுங்காகப் போட்ட நேர்ப் புள்ளிக் கோலத்தை நான்கு விதமாக மடிக்கலாம். ஊடு புள்ளிக் கோலத்தை ஆறு விதமாக மடிக்கலாம்.

நான்காம் நாள்: தாளை வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். பாதியாக மடித்து, பிறகு மூன்றாக மடித்து, மறுபடி பாதியாக மடியுங்கள். ஓரத்தில் சிறு சிறு வெட்டுகள் போட்டுப் பிரித்தால் ஆறு கைப் பனித்துகள் கிடைக்கும். குளிர் நாட்டுப் பிள்ளைகள் செய்வதும் இதுதான்.

ஐந்தாம் நாள்: பிள்ளை தன் சொந்தக் கோலம் ஒன்றைப் போடட்டும். அம்மாவின் நோட்டில் இல்லாத கோலமாக இருக்கட்டும்.

அழிந்து போகும் பாடம்

கோலம் மதியத்துக்குள் காலடியில் அழிந்துவிடும். அரிசி மாவாக இருந்தால் எறும்பு தின்றுவிடும். மறுநாள் புதிதாகப் போட வேண்டும். அதனால்தான் அது நல்ல பாடம். தப்பாகப் போனாலும் பயமில்லை. சிவப்பு மையால் சுழிக்க யாரும் இல்லை. ஒரு புள்ளி தவறினால் கோலமே காட்டிக் கொடுத்துவிடும். கையால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம்.

இன்று பல வாசல்களில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டது. மாடி வீடுகளில் வாசலே ஒரு முழம்தான். ஸ்டிக்கரிலும் சமச்சீர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை யாரும் எண்ணவில்லை. யாரும் தப்புப் போட்டுத் திருத்தவில்லை. கணக்கு அதோடு போய்விடுகிறது. வாசலில் இடம் இல்லாவிட்டால் ஒரு சிலேட்டோ, ஒரு கட்டம் போட்ட நோட்டோ போதும். எண்ணுவதும் மடிப்பதும்தான் முக்கியம்.

மஞ்சக்குப்பத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. பால்காரர் கோலத்தை மிதிக்காமல் சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறார். ஊடு புள்ளிக் கோலம் முடிந்து, நடுவில் மஞ்சளாகப் பூசணிப் பூ.

திண்ணையில் இருந்த பையன் எழுந்து வருகிறான். "மொத்தம் எத்தினி புள்ளிக்கா?" என்று கேட்கிறான்.

அக்கா வாயைத் திறப்பதற்குள், "முப்பத்தேழு" என்கிறாள் தாய்.

"எண்ணாமலே எப்படிம்மா சொன்னே?"

"வெச்சவளுக்குத் தெரியாதா?"

அவளுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது? அந்த வார்த்தையை அவளும் இனிச் சொல்ல வேண்டாம். மகளிடமும் சொல்ல வேண்டாம். நாளைக் காலையில் கோலப் பொடிக் கிண்ணத்தைப் பையனிடமும் கொஞ்சம் நீட்டட்டும்.